நாஹோடில் வென்ற ஸ்டைன்மெட்ஸை 1870-இல் ஏன் களத்திலிருந்து அகற்றினார்கள்?

நூலகமேசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்ய ராணுவத்தைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். பிஸ்மார்க், தலைமைப் பணிக்குழுவின் தலைவர் மோல்ட்கே, போர் அமைச்சர் ரூன் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்களைக் கடந்து வந்தபோது, கார்ல் பிரீட்ரிக் ஃபான் ஸ்டைன்மெட்ஸ் என்ற தளபதியிடம் வந்து நின்றுவிட்டேன்; அவரைக் கடந்து போக மனம் வரவில்லை.

1866-இல் ஆஸ்திரியாவுடன் நடந்த போரில், 69 வயதில், அடுத்தடுத்த மூன்று நாட்களில் மூன்று சண்டைகளை வென்று 'நாஹோடின் சிங்கம்' என்று பெயர் வாங்கியவர் அவர். நான்கு ஆண்டுகள் கழித்துப் பிரான்சுடன் போர் மூண்டபோது முதல் படையின் தலைமையே அவரிடம் கொடுக்கப்பட்டது. ஆனால் போர் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகும் முன்பாகவோ ஆன உடனோ, செப்டம்பரில், அவரைக் களத்திலிருந்து விலக்கிப் போசன், சிலீசியா பகுதிகளின் ஆளுநராகப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். அது போதாதென்று, போர் முடிந்ததும் 1871 ஏப்ரலில் அதே மனிதருக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டமும் தந்திருக்கிறார்கள்.

தண்டித்தார்களா, கௌரவித்தார்களா என்பதே எனக்கு விளங்கவில்லை. வயது முதிர்ந்ததால் வந்த தடுமாற்றமா, மோல்ட்கேயுடன் ஏற்பட்ட பகையா, அல்லது 1870 ஆகஸ்டில் கிராவலோட் போர்க்களத்தில் உண்மையாகவே மன்னிக்க முடியாத பிழை செய்தாரா? இத்துறையை ஆழமாகப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையநிலப்படம் எழுதியது:

நல்ல கேள்வி. 1870-க்குப் போவதற்கு முன்னால் இந்த மனிதர் எப்படி உருவானார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் அவருடைய பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

1796 டிசம்பர் 27 அன்று ஐசனாக்கில் பிறந்தார். 1807 முதல் 1811 வரை பொமரேனியாவிலுள்ள ஸ்டோல்ப் நகரின் இளம் படைமாணவர் பள்ளியில் படித்தார். நெப்போலியனிடம் 1806-இல் தோற்றுப் பிரஷ்யா பாதி நிலத்தை இழந்து, பிரெஞ்சுப் படைகளுக்குச் சோறு போட்டே ஓய்ந்துபோயிருந்த காலம் அது. 1813-இல் விடுதலைப் போர் தொடங்கியதும், அவரும் அவருடைய அண்ணனும் பிரெஞ்சுக் காவல் நிலைகளுக்கு இடையே புகுந்து பிரெஸ்லாவ் போய்ச் சேர்ந்து படையில் இணைந்தார்கள். ஸ்டைன்மெட்ஸுக்கு அப்போது 16 வயது. தளபதி யோர்க்கின் கோர் என்ற பெரும்படைப் பிரிவில் சண்டையிட்டார், பலமுறை காயம்பட்டார், இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்றார். அண்ணன் லைப்சிக் போரில் இறந்துவிட்டார்.

அவருடைய வாழ்க்கையில் என் மனத்தில் தங்கிப்போன ஒரு செய்தி உண்டு. நேச நாட்டுப் படைகள் 1814-இல் பாரிஸைப் பிடித்தபோது, இளம் அதிகாரிகள் எல்லோரும் அந்த நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் பறந்துகொண்டிருக்க, ஸ்டைன்மெட்ஸ் ஒரே ஒரு முறைதான் நகருக்குள் கால் வைத்தார். உள்ளே போனால் காசு செலவாகும், அந்தக் காசு ஊரில் இருக்கும் தாய்க்கு வேண்டும் என்பதே காரணம். பிறகு பெர்லினில் பணியாற்றியபோதும் கேளிக்கைகளுக்கு ஒதுங்கியே இருந்து, ராணுவ நூல்களையும் உடற்பயிற்சியையும் கட்டிக்கொண்டு கிடந்தார். தனக்கு விதித்த அதே கடுமையைக் கீழிருந்தவர்களுக்கும் விதித்தார். மேலிருந்தவர்களிடமோ பணிவு சற்றுக் குறைவு. படிக்கும் காலத்திலேயே அவரைச் செருக்கு உடையவர் என்று குறைகூறியிருக்கிறார்கள்.

அதன் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அமைதிக் காலப் பணி. 1848-இல் டென்மார்க்குடன் ஷ்லெஸ்விக்கில் நடந்த சண்டையில் சிறப்பாகச் செயல்பட்டபோது, தளபதி ரங்கல் அவரை 'இன்னொரு யோர்க்' என்று பாராட்டினார். யோர்க் என்பவர், 1812 இறுதியில் மன்னரின் அனுமதி இல்லாமலே தௌரோகெனில் ரஷ்யர்களுடன் உடன்பாடு செய்துகொண்டு பிரெஞ்சுக் கூட்டணியிலிருந்து தம் படையை விலக்கியவர் என்பதை நினைவில் வையுங்கள். தன் முடிவைத் தானே எடுக்கும் தளபதிக்குப் பிரஷ்யாவில் அவரைவிடப் பெரிய முன்மாதிரி கிடையாது. ஸ்டைன்மெட்ஸ் வளர்ந்ததும் அவருடைய நிழலில்தான்.

இனி 1866. பட்டத்து இளவரசரின் இரண்டாம் படை சிலீசியாவிலிருந்து மலைக் கணவாய்கள் வழியாகப் பொஹீமியாவுக்குள் இறங்க வேண்டும். ஸ்டைன்மெட்ஸின் 5-ஆம் கோர் கிளாட்ஸ் பகுதியிலிருந்து நாஹோட் வழியாக வந்தது. கோர் என்பது ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் கொண்ட பெரும்பிரிவு. அத்தனை பேரும் ஒரே மலைச்சாலையில் நீண்ட வரிசையாக வந்தால், முன்வரிசை சண்டை போடும்போது கடைசி வரிசை பல மணி நேரத் தொலைவில் இருக்கும். ஜூன் 27 அன்று நடந்தது அதுதான். லோவன்ஃபெல்ட் தலைமையில் வந்த முன்னணியின் ஆறேழு பட்டாலியன்கள் வீசோகோவ் மேட்டில் ஏறி நின்றபோது, ராமிங்கின் ஆஸ்திரிய 6-ஆம் கோர் எதிரே வந்துவிட்டது. மேட்டை விட்டால் பின்னால் இருப்பது ஊரும் ஆறும் குறுகிய கணவாயும்தான். பின்வாங்கினால் கோர் முழுவதும் அந்த இடுக்கில் நசுங்கிப்போகும். ஸ்டைன்மெட்ஸ் பின்வாங்கவில்லை. ஆஸ்திரியப் பிரிகேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பாக்கிச் செருகுவாளை நீட்டிக்கொண்டு ஏறிவர, பிரஷ்ய வீரர்கள் பின்புறம் குண்டு நிரப்பும் டிரைசே ஊசித் துப்பாக்கியால் அவற்றைத் தனித்தனியே சிதைத்தார்கள். பின்னால் வந்த பிரிவுகள் மேடேறியதும் சண்டை முடிவுக்கு வந்தது. ஆஸ்திரியாவின் இழப்பு ஐயாயிரத்துக்கும் மேல். பிரஷ்யாவின் இழப்பு ஆயிரத்தைச் சற்றே தாண்டியது.

அதே நாளில் அருகிலிருந்த டிரவுடெனாவில் போனினின் 1-ஆம் கோர் தோற்றுப் பின்வாங்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாஹோடின் மதிப்பு தெரியும். மறுநாள் ஸ்காலிட்ஸில் ஆஸ்திரிய 8-ஆம் கோரையும், அதற்கு அடுத்த நாள் ஷ்வைன்ஷேடலில் 4-ஆம் கோரின் ஒரு பகுதியையும் ஸ்டைன்மெட்ஸ் பின்னுக்குத் தள்ளினார். போர் முடிந்தபின் பிரஷ்ய நாடாளுமன்றம் பிஸ்மார்க், ரூன், மோல்ட்கே உள்ளிட்ட ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்த 15 லட்சம் தாலர் அன்பளிப்பில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

படைநடை எழுதியது:

பழையநிலப்படம் அவர்கள் எழுதியதன் தொடர்ச்சியாக 1870-ஐப் பற்றிச் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவரை அகற்றியது சரியான முடிவு. சொல்லப்போனால், ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டியது.

நாஹோடில் தளபதிக்கு வேண்டியிருந்தது ஒரு சாலை, ஒரு மேடு, அசையாத மனம். 1870-இல் தேவைப்பட்டது வேறு. மோல்ட்கேயின் திட்டத்தில் மூன்று படைகள், பல சாலைகளில், ஒன்றன் நடையை ஒன்று தடுக்காமல் முன்னேறி, சண்டை நடக்கும் இடத்தில் வந்து கூட வேண்டும். மோல்ட்கே விரிவான கட்டளை அனுப்புபவர் அல்லர். நோக்கத்தைச் சொல்லிவிட்டு, நிறைவேற்றும் வழியைத் தளபதியிடமே விட்டுவிடுவார். அந்த முறை நடக்க வேண்டுமானால் தளபதி அந்த நோக்கத்தை ஏற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும். ஸ்டைன்மெட்ஸ் ஏற்கவில்லை. மோல்ட்கேயின் உத்தரவுகள் பிடிக்காமல் மன்னரிடம் நேரடியாகவே முறையிட்டார். பிறகு, இளவரசர் பிரீட்ரிக் கார்லின் இரண்டாம் படைக்கு ஒதுக்கப்பட்டிருந்த சார்புரூக்கன் சாலையில் தம் படையைக் கொண்டுபோய் நுழைத்தார். ஆகஸ்ட் 6 அன்று அவருடைய படையைச் சேர்ந்த காமெக்கேயின் டிவிஷன் (கோரின் உட்பிரிவு) ஸ்பிக்கரன் குன்றில் பிரெஞ்சுப் படையுடன் மோதியது. அடுத்தடுத்து வந்த பிரிவுகள் துப்பாக்கி ஓசையை நோக்கி ஓடிவந்ததால் மட்டுமே அது தோல்வியாகாமல் தப்பியது. பிரெஞ்சுப் படையை எல்லையருகிலேயே சுற்றிவளைக்கலாம் என்று மோல்ட்கே போட்டிருந்த கணக்கு அந்த மோதலில் கலைந்துபோனது.

ஆகஸ்ட் 18, கிராவலோட். அன்றைய திட்டத்தில் முதல் படையின் வேலை பொறுத்திருப்பது: வடக்கே இரண்டாம் படை பிரெஞ்சு வரிசையின் வலப்புறத்தைச் சுற்றிவரும் வரை, தெற்கே எதிரியைப் பிடித்து வைத்தால் போதும். கிராவலோட் ஊரிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை மான்ஸ் என்ற ஆழமான, மரம் அடர்ந்த ஓடைப் பள்ளத்தில் இறங்கி, ஒரு கரைமேல் ஓடையைக் கடந்து, எதிர்ச்சரிவில் ஏறி, சேன் உபேர் பண்ணையைத் தாண்டிப் போகிறது. பீரங்கி வண்டிகள் போக அந்த ஒரு சாலைதான் வழி. மேலே பிரெஞ்சு வீரர்கள் பதுங்குகுழி வெட்டி அமர்ந்திருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணியளவில், பெரும் இழப்புடன், சேன் உபேர் பண்ணை பிரஷ்யர் கைக்கு வந்தது. பிரெஞ்சுப் பீரங்கிகளும் சற்று ஓய்ந்தன. எதிரி உடைந்துவிட்டான், இனி விரட்டிப் பிடிக்க வேண்டியதுதான் என்று ஸ்டைன்மெட்ஸ் முடிவு செய்தார். அந்த ஒற்றைச் சாலையில் 7-ஆம் கோரின் பீரங்கி அணிகளையும், அவற்றோடு 1-ஆம் குதிரைப்படை டிவிஷனையும் இறக்கிவிட்டார். முன்னே போகும் பீரங்கி வண்டி, பின்னே குதிரைகள், இடையிடையே காலாட்படை, எதிர்த்திசையில் தூக்கி வரப்படும் காயம்பட்டவர்கள், இத்தனையும் ஒரு வண்டிச்சாலையின் அகலத்துக்குள். மறுகரை ஏறியதும் பிரெஞ்சு வீரர்களின் ஷாஸ்போ துப்பாக்கிகள் பொழிந்தன. ஏறிய பீரங்கிகளில் மிகச் சிலவே சேன் உபேரின் மதில் ஓரமாக நிலைகொண்டு சுட முடிந்தது. எஞ்சியவை திரும்ப வேண்டியதாயிற்று, திரும்பவும் இடமில்லை. குதிரைப்படை அங்கே செய்வதற்கு எதுவும் இல்லாமல் வந்த வழியே பின்வாங்கியது. மாலையில் பிரெஞ்சுக்காரர்கள் எதிர்த்தாக்குதல் நடத்தியபோது அந்தப் பள்ளத்திலிருந்து வீரர்கள் கூட்டம் கூட்டமாக மேற்கே ஓடினார்கள். அதை மன்னர் வில்ஹெல்ம் தம் கண்ணாலேயே பார்த்தார்.

இதில் ஆயுதக் கணக்கும் அடங்கியிருக்கிறது. 1866-இல் பிரஷ்ய வீரன் ஒரு நிமிடத்தில் நான்கைந்து முறை சுட்டான். முன்வாயில் மருந்து திணிக்கும் துப்பாக்கி வைத்திருந்த ஆஸ்திரிய வீரனால் ஓரிரு முறைதான் சுட முடிந்தது. 1870-இல் நிலைமை புரண்டுவிட்டது. ஊசித் துப்பாக்கியின் எல்லை ஏறத்தாழ 600 மீட்டர். ஷாஸ்போ 1,200 மீட்டர் வரை சுடும். நாஹோடில் மேட்டின்மேல் நின்றவர்கள் பிரஷ்யர்கள். கிராவலோட்டில் மேடு பிரெஞ்சுக்காரர்களுடையது. ராமிங்கின் பிரிகேடுகளுக்குத் தம் வீரர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தம் கண்ணால் பார்த்திருந்த தளபதி, அதே இடத்தில் தம் வீரர்களை நிறுத்தினார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஓரக்குறிப்பு எழுதியது:

படைநடை அவர்கள் தந்த விவரங்களில் எனக்கு மறுப்பில்லை, தீர்ப்பில்தான் மறுப்பு. கிராவலோட்டின் பழியை ஒரு கிழவரின் தலையில் முழுவதுமாக ஏற்றிவைப்பது பிரஷ்யத் தலைமைக்கு வசதியாக இருந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

முதலாவது, அன்று பிரெஞ்சு வரிசையின் வடக்கு முனை எங்கே முடிகிறது என்பதைத் தவறாகக் கணித்தது மோல்ட்கேயின் தலைமையகம். அமான்வில்லேயோடு முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தார்கள். உண்மையில் அது சேன் பிரிவா வரை நீண்டிருந்தது. இந்தப் பிழையால் சுற்றிவளைக்கும் வேலை மாலை வரை இழுத்தது. சேன் பிரிவாவில், சாக்ஸனிப் படை வந்து சேரும் முன்பே திறந்த வெளியில் மன்னரின் காவல்படையை ஏவி, குறுகிய நேரத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேரை இழந்தவர் வியூட்டம்பெர்க் இளவரசர் ஆகஸ்ட். அவரை யாரும் ஊருக்கு அனுப்பவில்லை. ஜெர்மன் தரப்பின் மொத்த இழப்பு இருபதாயிரத்துக்கும் மேல்; அதில் பெரும் பங்கு மான்ஸ் பள்ளத்தில் நேர்ந்தது அன்று, வடக்கே நேர்ந்தது.

இரண்டாவது, போருக்கு முந்தைய நாளே 8-ஆம் கோரை அவர் கையிலிருந்து எடுத்து மன்னரின் தலைமையகத்தின் நேரடி ஆணைக்குள் வைத்துவிட்டார்கள். 1-ஆம் கோர் மெட்ஸ் கோட்டைக்குக் கிழக்கே நின்றது. ஆக, 'முதல் படையின் தலைவர்' என்ற பெயரோடு அவரிடம் எஞ்சியிருந்தது ஒரு கோரும் ஒரு குதிரைப்படை டிவிஷனும்தான். ஒரு தளபதியின் மீது நம்பிக்கை இல்லையென்றால் அவரை விலக்கியிருக்க வேண்டும். பதவியில் வைத்துக்கொண்டே படையைப் பிடுங்குவது எந்த வகையில் சேர்த்தி?

மூன்றாவது, அந்த மாலையின் கடைசித் தாக்குதல். ஏழு மணியளவில், அப்போதுதான் நாள் முழுதும் நடந்து களைத்து வந்து சேர்ந்திருந்த ஃப்ரான்செக்கியின் 2-ஆம் கோரை அதே பள்ளத்தில் இறக்க ஸ்டைன்மெட்ஸ் அனுமதி கேட்டார்; மன்னர் கொடுத்தார். இருட்டு கவியும் நேரம். புதிதாக வந்தவர்கள் சேன் உபேர் அருகே கிடந்த சொந்த வீரர்களையே சுட்டார்கள். மோல்ட்கே அப்போது அங்கேதான் இருந்தார். தடுத்து ஒரு சொல் சொல்லவில்லை. பிற்காலத்தில் அந்தப் போரின் வரலாற்றை எழுதியபோது, அங்கே நேரில் இருந்த தலைமைப் பணிக்குழுவின் தலைவர் அவ்வளவு நேரம் கழிந்தபின் அதை அனுமதிக்காமல் இருந்திருப்பதே முறை என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தத் தலைவர் அவர்தான்.

இன்னொன்று. ஸ்பிக்கரன் நடந்த அதே ஆகஸ்ட் 6 அன்று, தெற்கே வோர்த்தில், சண்டையை நிறுத்தும்படி பட்டத்து இளவரசர் அனுப்பிய உத்தரவை மீறித் தாக்குதலைத் தொடர்ந்தவர் 5-ஆம் கோரின் தளபதி கிர்ஹ்பாக். நாஹோடில் ஸ்டைன்மெட்ஸின் கீழ் டிவிஷன் தலைவராக இருந்து பாடம் படித்தவர் அவர். வோர்த்தில் வெற்றி கிடைத்தது, கிர்ஹ்பாக்கைப் புகழ்ந்தார்கள். பிரஷ்ய அதிகாரிகளை உத்தரவுக்குக் காத்திராமல் பாயும்படி பழக்கியதே அந்த ராணுவம்தான்.

படைநடை எழுதியது:

ஓரக்குறிப்பு அவர்கள் சொன்ன 2-ஆம் கோர் விஷயத்தில் மோல்ட்கேயின் பொறுப்பை ஏற்கிறேன். அதை நான் எழுதாமல் விட்டது குறைதான். வடக்கே நேர்ந்த இழப்பு பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் கிர்ஹ்பாக்குடன் ஒப்பிடுவது பொருந்தாது. கிர்ஹ்பாக் தமக்கு ஒதுக்கிய இடத்தில், தம் எதிரே நின்ற எதிரியோடு சண்டையைத் தொடர்ந்தார். ஸ்டைன்மெட்ஸ் பக்கத்துப் படையின் சாலையை அடைத்தார். முன்னதைத் துணிச்சல் என்று சொல்லலாம். பின்னதால் ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட ஒரு படை வழியில் நின்றுவிடுகிறது, அதன் உணவு வண்டிகளும் நின்றுவிடுகின்றன. ஸ்டைன்மெட்ஸ் ஒரு கோருக்கு மிகச் சிறந்த தளபதி. ஒரு படைக்கு அல்லர். இதில் நான் மாறவில்லை.

நூலகமேசை எழுதியது:

இருவருக்கும், முதலில் விரிவாக எழுதிய பழையநிலப்படம் அவர்களுக்கும் மிக்க நன்றி. பாரிஸ் நிகழ்ச்சியைப் படித்தபின் அந்த மனிதரை வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஒரே ஒரு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இவ்வளவு சிக்கல் கொடுத்தவரை ஆகஸ்டிலேயே ஏன் நீக்கவில்லை? நீக்கியபின் ஃபீல்டு மார்ஷல் பட்டம் எதற்கு?

பழையநிலப்படம் எழுதியது:

இதற்கு விடை பெரும்பாலும் மன்னரின் மனத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வில்ஹெல்ம் பிறந்தது 1797 மார்ச் 22. ஸ்டைன்மெட்ஸ் அவருக்கு மூன்று மாதம்கூட மூத்தவர் அல்லர். இருவரும் பதின்வயதில் நெப்போலியனை எதிர்த்த போரில் கலந்துகொண்டவர்கள். 1870-இல் அந்த நினைவைப் பகிர்ந்துகொள்ள மன்னருக்கு உயர்பதவியில் எஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலர். மோல்ட்கே 1800-இல் பிறந்தவர், பிரஷ்யப் பணியில் சேர்ந்ததே 1822-இல். ஸ்டைன்மெட்ஸ் அவரைவிடப் பணிமூப்பு உடையவர். மோல்ட்கேயால் மன்னரின் பெயரில் உத்தரவு அனுப்ப முடியுமே தவிர, மன்னரின் தோழரைப் பதவியிலிருந்து இறக்க முடியாது. அதனால்தான் ஓரக்குறிப்பு அவர்கள் சுட்டிய அரைகுறை ஏற்பாடுகளெல்லாம் நடந்தன.

கிராவலோட்டுக்குப் பிறகு மெட்ஸ் கோட்டையை முற்றுகையிட்ட படைகள் முழுவதற்கும் இளவரசர் பிரீட்ரிக் கார்ல் தலைவரானார். ஸ்டைன்மெட்ஸ் அவருக்குக் கீழே வைக்கப்பட்டார். 73 வயதுக்காரருக்கு 42 வயது இளவரசர் மேலதிகாரி. இவர் லைப்சிக்கில் அண்ணனைப் பறிகொடுத்தபோது அவர் பிறந்திருக்கவே இல்லை. இணக்கம் வரவில்லை, செப்டம்பரில் போசனுக்குப் போகும்படி ஆணை வந்தது. அக்டோபர் 27 அன்று மெட்ஸில் ஒன்றே முக்கால் லட்சம் பிரெஞ்சு வீரர்கள் சரணடைந்ததைப் பார்க்க ஸ்டைன்மெட்ஸ் அங்கே இல்லை.

ஃபீல்டு மார்ஷல் பட்டம் 1870-க்காகக் கொடுத்தது அன்று என்பது என் கருத்து. 1813-க்கும் 1866-க்குமாகக் கொடுத்தது. ஓய்வு கேட்டு விண்ணப்பித்தவரை அந்தப் பட்டத்தோடு விடுவித்தார்கள். முதல் மனைவியையும் பெற்ற மகளையும் முன்பே இழந்து, 1867-இல் மறுமணம் செய்துகொண்டவர், எஞ்சிய காலத்தைக் கோர்லிட்ஸில் கழித்தார். 1877 ஆகஸ்ட் மாதம், நீரூற்றுச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற லாண்டெக் என்ற ஊரில் இறந்தார். பழைய நிலப்படத்தில் தேடினால் அந்த ஊர் கிளாட்ஸ் பகுதியிலேயே இருக்கிறது. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம் 5-ஆம் கோரை அவர் கணவாய் வழியே நடத்திச் சென்றது அதே பகுதியிலிருந்துதான்.